இரண்டு மூலக்கூறு நீர் எங்கே போகிறது?

மாணவர்களே, மீத்தேன் எரிவதற்கான சமன்பாட்டை நீங்கள் எல்லோரும் எழுதியிருப்பீர்கள். ஒரு மூலக்கூறு மீத்தேன் எரிந்தால் ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்ஸைடும் இரண்டு மூலக்கூறு நீரும் கிடைக்கும். இரு பக்கமும் அணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தால் முழு மதிப்பெண். அந்த நீர் பிறகு என்ன ஆகிறது என்று தேர்வில் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் கருத்து. பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்ததைச் சொன்னால் காரணம் விளங்கும்.

அந்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் அறைகளைச் சூடாக்க ஒரு கொதிகலன் உண்டு. பெயர்தான் கொதிகலன், நீர் அதில் கொதிப்பதில்லை. எரிவாயுவை எரித்து நீரைச் சூடாக்குவார்கள். ஒரு பம்பு அந்த நீரைக் குழாய்கள் வழியாக அறைகளில் உள்ள ரேடியேட்டர்களுக்குச் செலுத்தும். எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். 16 கிராம் மீத்தேன் எரிந்தால் 36 கிராம் நீர் உண்டாகிறது. பழைய கொதிகலன்களில் இந்த நீர் முழுவதும் ஆவியாகவே புகைபோக்கி வழியே போய்விடும். அதனுடன், எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு உள்ளுறை வெப்பமாக வெளியேறிவிடும்.

இந்த இழப்பைக் குறைக்க ஒரு வழி கண்டார்கள். வெளியேறும் வாயுக்களைச் சுமார் 55 டிகிரி செல்சியஸுக்கும் கீழே குளிர்வித்தால், ஆவி நீராக மாறத் தொடங்கும். ஒவ்வொரு கிராம் ஆவியும் 500 கலோரிக்கு மேல் வெப்பத்தைத் திருப்பித் தரும். நல்ல சிக்கனம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரல் முதல், புதிதாகப் பொருத்தும் எரிவாயுக் கொதிகலன்கள், சில விலக்குகள் தவிர, இவ்வகையாகவே இருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள்.

ஆனால், இப்படிக் கிடைத்த நீர் வெளியேற வேண்டுமல்லவா? அதற்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வைத்தார்கள். பல வீடுகளில் அது வெளிச்சுவரில் மூடாமல் ஓடியது. 2010 டிசம்பர், நூறாண்டுகளில் பிரிட்டன் கண்ட மிகக் குளிர்ந்த டிசம்பர். சொட்டுச் சொட்டாக வடிந்த நீர் அந்தக் குழாயிலேயே உறைந்து அடைத்துக்கொண்டது. நீர் பின்னோக்கித் தேங்கியதும் கொதிகலன் தானாகவே நின்றது. வெப்பம் மிகவும் தேவைப்பட்ட நாள்களில், ஏராளமான வீடுகளில் முதியோரும் குழந்தைகளும் குளிரில் நடுங்கினார்கள்.

"கொதிகலனுக்கு உறைபனிக் காப்பு இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. கொதிகலனுக்குள் இருக்கும் நீர் 5 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால், பல கொதிகலன்கள் தாமாகவே சிறிது நேரம் எரியும். ஆனால் அந்தக் காப்பு கண்காணிப்பது உள்ளே இருக்கும் நீரை மட்டுமே. வெளிச்சுவரில் ஓடும் வடிகுழாயின் நிலை அதற்குத் தெரியாது. அந்தக் குழாய் அடைபட்டு எரிப்பான் நின்றுவிட்டால், காவலாளியையே அறைக்குள் பூட்டியது போல ஆகிவிடும். பிறகு வீட்டுக் குழாய்களில் உள்ள நீரும் உறையலாம். நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் பெருகும் என்பதை அறிவீர்கள். பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்முனைக்கும் இடையே சிக்கிய நீரில் அழுத்தம் ஏறிக் குழாய் வெடிக்கும்.

அப்படியானால் பழைய கொதிகலனே மேல் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அதை ஏற்கமாட்டேன். சிக்கனம் உண்மையானது, அதைக் கைவிட வேண்டியதில்லை. குறை அந்தக் குழாயில்தான், அதைத் திருத்துவதும் எளிது. வடிகுழாயை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய்க் கழிவுநீர்க் குழாயில் சேர்க்கலாம். வெளியே போயே தீரவேண்டுமானால் அகலமான குழாயாக, குறைந்த நீளத்தில், நல்ல சரிவுடன் அமைத்து, வெப்பம் கடத்தா உறை போடலாம். சொட்டுகளைச் சேர்த்துவைத்து ஒரே வீச்சில் வெளியேற்றும் வடிகுழல் அமைப்பும் உதவும். மொத்தமாகப் பாயும் நீர் எளிதில் உறையாது. இவற்றுள் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. பள்ளிப் பாடத்தில் உள்ள இயற்பியலே போதும்.

வெப்பத்தை மீட்கும் கணக்கைத் திறமையாகப் போட்டவர்கள், நீர் போகும் வழியை அதே கவனத்துடன் தொடரவில்லை. வகுப்பில் நாமும் அப்படித்தானே செய்கிறோம்? சமன்பாட்டின் வலப்பக்கத்தை எழுதியதும் பேனாவை மூடிவிடுகிறோம். ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. எரிதல் பாடத்தில் ஒரு கேள்வியைக் கூடுதலாகச் சேர்க்கலாம்: "விளைபொருள் ஒவ்வொன்றும் எங்கே போகிறது? மிகக் கடுங்குளிரில் அதன் வழி என்ன ஆகும்?"

அந்தக் கேள்விக்கு மதிப்பெண் கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள். அடுத்த சமன்பாட்டிலேயே நீங்களாகக் கேட்டுப் பாருங்கள்.