நவம்பர் 1 யாருடைய நாள்?

நவம்பர் 1 வந்தால் கேரளம் 'கேரளப் பிறவி' கொண்டாடுகிறது. கர்நாடகம் ராஜ்யோத்சவம் எடுக்கிறது. 1956-இல் அதே நாளில், அதே மாநில மறுசீரமைப்புச் சட்டத்தால் உருப்பெற்ற தமிழ்நாட்டில் மட்டும் அது கட்சிச் சண்டையாகிவிட்டது. 2019-இல் அதிமுக அரசு நவம்பர் 1-ஐத் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடியது. 2021-இல் திமுக அரசு அதை ஜூலை 18-க்கு மாற்றியது.

ஜூலை 18-இன் பெருமையை யாரும் மறுக்க முடியாது. 1967-இல் அன்றுதான் அண்ணாவின் பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. அவர் 'தமிழ்நாடு' என்று சொல்லச் சொல்ல, உறுப்பினர்கள் மூன்று முறை 'வாழ்க' என முழங்கினார்கள். அந்தப் பெயரையும் ஒரு கோரிக்கையாக வைத்து விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபர் 13-இல் உயிர்விட்டார். மூன்றே வாரத்தில் புது மாநிலம் வந்தது, பழைய சென்னை மாநிலம் என்ற பெயரிலேயே.

ஆனால் பெயருக்கு முன்னால் மண் வேண்டியிருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சும்மா வந்துவிடவில்லை. நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஆண்டுக்கணக்கில் போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. அந்த நான்கு வட்டங்களால் உருவான குமரி மாவட்டத்துக்கு நவம்பர் 1 இன்றும் உள்ளூர் விடுமுறை. அங்கே அது வீட்டுக்கு வீடு தெரிந்த வரலாறு. திருச்சியிலோ சேலத்திலோ படிக்கும் பிள்ளைக்கு அது தெரியுமா?

அந்த நாளில் இழப்பும் உண்டு. தேயிலைத் தோட்டங்களில் தமிழர் உழைத்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. வெற்றியும் இழப்பும் சேர்ந்த நாளைக் கொண்டாடுவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது ஏற்பில்லை. கிடைத்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் சமூகம் தன் எல்லை எப்படி அமைந்தது என்பதையே மறந்துவிடும்.

கர்நாடகத்தைப் பாருங்கள். மைசூர் என்ற பெயரை அது மாற்றிக்கொண்டது 1973-இல். அதற்கும் நவம்பர் 1-ஐயே தேர்ந்தெடுத்தது. மண்ணுக்கும் பெயருக்கும் அங்கே ஒரே நாள்.

எல்லைப் போராட்டத் தியாகிகளைப் போற்றும் நாளாக நவம்பர் 1 இருக்கும் என்று 2021-இல் அரசு சொன்னது. அந்த அளவில் நிறுத்தக் கூடாது. ஜூலை 18 பெயர் சூட்டிய நாளாக இருக்கட்டும். மாநிலம் பிறந்த நாள் நவம்பர் 1 என்று அரசு அறிவிக்க வேண்டும். குமரிப் போராட்டத்தையும் தேவிகுளம், பீர்மேட்டின் கதையையும் எல்லா மாவட்டப் பள்ளிகளிலும் அன்று சொல்லித்தர வேண்டும்.