வட்டத்தின் அருமை
நிச்சயதார்த்த மோதிரத்துக்குப் பலரும் விரும்பும் வட்ட வைரம், 1919-இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி கணக்கிட்டு வகுத்த அளவுகளை ஒட்டிப் பட்டறையில் தீட்டப்படுவது; மன்னார் வளைகுடாவின் முத்தோ, சிப்பியின் மென்தசைக்குள் ஓட்டில் ஒட்டாமல் கிடந்து, படலத்தின்மேல் படலம் சீராகப் படிந்தால் மட்டுமே தானாக உருண்டு திரள்வது என்பதால், அருமை அதற்கே உரியது, விலைப்பட்டியல் என்ன சொன்னாலும். ஓட்டில் ஒட்டினால் ஒருபுறம் சப்பை. இராசராசன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகள் வட்டம், ஏறத்தாழ வட்டமான அனுவட்டம் என முத்தைப் பிரித்தெழுதின. சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பின்போது வணிகர்கள் பித்தளைச் சல்லடைகளில் சலித்து அளவு பிரித்தபின், உருட்சியும் ஒளியும் குறையாததை ஆணி எனத் தனியே ஒதுக்கினர். கீழக்கரை மரைக்காயர்களின் வணிகத்துக்கும் இந்தக் கூர்ந்த கண்ணே முதல். தூத்துக்குடிப் பார்களில், அதாவது சிப்பிப் படுகைகளில், 1961-உடன் பெருஞ்சலாபம் ஓய்ந்தது. 1973-இல் அங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வளர்ப்பு முத்தை உருவாக்கியபோது, சிப்பிக்குள் வைத்த உட்கருவையே முன்கூட்டி உருண்டையாகக் கடைந்து கொடுக்க வேண்டியிருந்தது.