குற்றம் சாட்டப்பட்டவளையும் கேளுங்கள்

“கல்லூரியில் யாராவது ராகிங் செய்தால் பொறுத்துக்கொண்டு இராதே, உடனே சொல்லிவிடு” என்று ஒவ்வொரு பெற்றோரும் தம் மகளுக்குப் புத்தி சொல்லி அனுப்புகிறார்கள். நல்ல புத்திமதி, அதைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் ஓர் ஆண்டு கழிந்ததும் அதே மகள் அதே விடுதியில் ‘அக்கா’ ஆகிவிடுகிறாள். அப்போது அவள்மீதே ஒரு புகார் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எந்த வீட்டிலும் சொல்லிக்கொடுப்பதில்லை. நம் பள்ளியில் படித்துச் சென்ற ஒரு பெண்ணுக்கு இவ்வாண்டு அது நேர்ந்துவிட்டது. அவளுக்காக நாலு வார்த்தை பேசவே இம்மலரில் இடம் கேட்டு வாங்கினேன்.

பெயரும் ஊரும் வேண்டாம். இங்கே பிளஸ் டூ முடித்து, வெளியூரில் ஒரு நர்சிங் கல்லூரியில் சேர்ந்து, இப்போது மூன்றாம் ஆண்டு படிப்பவள் என்பது போதும். விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்தவர்கள் மூவர். ஒரு நாள் இரவு முதலாண்டு மாணவி ஒருத்தியை அந்த அறைக்கு அழைத்து, நள்ளிரவு வரை நிற்கவைத்து, அவள் பேச்சைக் கேலி செய்து, தங்கள் ரெக்கார்டு நோட்டுகளில் படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குழந்தை அழுதபோது சிரித்திருக்கிறார்கள். மறுநாள் அவள் தன் தாயிடம் சொல்ல, தாய் கல்லூரிக்குப் புகார் எழுதினார். அப்புகார் உண்மை என்றே நான் நம்புகிறேன். அந்தத் தாய் செய்தது முற்றிலும் சரி.

ஆனால் அந்த இரவு நம் பெண் அந்த அறையில் இல்லை. மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்தாள். இரவு எட்டு மணிக்கு வார்டில் கையெழுத்திட்டு, காலை எட்டு மணிக்கு அடுத்த முறையினரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறாள். பணிப்பதிவேட்டில் அது இருக்கிறது. வார்டுப் பொறுப்பாளரும் (அவர்களையும் ‘சிஸ்டர்’ என்றுதான் அழைக்கிறார்கள், நம் கன்னியர்கள் மன்னிக்க வேண்டும்) அதை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

புகாரில் பெயர்கள் இல்லை. “அந்த அறை அக்காமார்கள்” என்றுதான் இருந்தது. நால்வரையும் ஒன்றாக நிறுத்தி அரைமணி நேரம் விசாரித்தார்கள். “செய்தீர்களா?” என்ற கேள்வியே எழவில்லையாம். “ஏன் செய்தீர்கள்?” என்பதுதான் முதற்கேள்வி. நம் பெண் வாய் திறந்தபோது, “எல்லாரும் இப்படித்தான் சொல்வீர்கள்” என்று அடக்கிவிட்டார்கள். பதிவேட்டை ஒருவரும் வரவழைத்துப் பார்க்கவில்லை. பிறகு நால்வரிடமும் மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்கள். மூவர் எழுதினார்கள், இவள் எழுத மறுத்தாள். “செய்த குற்றத்துக்கு வருந்தவில்லை” என்று அதையே ஒரு குற்றமாக எழுதிக்கொண்டு, விடுதியிலிருந்து நீக்கி, ஒரு செமஸ்டர் வகுப்புக்கு வரக்கூடாது என்று உத்தரவிட்டார்கள். நர்சிங் படிப்பில் வார்டுப் பயிற்சி நாட்கள் ஒன்றுகூடக் குறையாமல் முடித்தால்தான் பட்டம் கிடைக்கும். ஒரு செமஸ்டர் போவதென்றால் ஓராண்டே போய்விடக்கூடும்.

தந்தை தையற்கடையில் வேலை செய்பவர். “எழுதிக் கொடுத்துவிடம்மா, படிப்பு முக்கியம்” என்று கெஞ்சியிருக்கிறார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். எனினும் பெற்றோர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ராகிங் என்பது கல்லூரிக்குள் மன்னிப்போடு முடிந்துபோகிற குறும்பு அன்று. 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி அது குற்றம். இரண்டாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தண்டனை பெற்றால் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவதோடு வேறு கல்லூரியிலும் சேர முடியாது. செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று எழுதித் தரும் தாள் நாளை எந்த மேசைக்குப் போகும் என்று யாரால் சொல்ல முடியும்? அந்தப் பெண் எழுத மறுத்தது திமிர் அன்று. இருபது வயதில் அவளுக்கு இருந்த தெளிவு எனக்கு வியப்பாயிருக்கிறது.

இவ்வளவு கடுமையான சட்டம் ஏன் வந்தது என்பதும் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். 1996 நவம்பரில், சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்த நாவரசு கொலையுண்டான். அவன் தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். ஒரு துணைவேந்தரின் மகனுக்கே இந்தக் கதி என்றால் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு என்று தமிழகம் முழுவதும் கொதித்தது. மறு ஆண்டே சட்டம் வந்தது. 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தில் அமன் கச்ரு என்ற மருத்துவ மாணவன் சீனியர்களிடம் அடிபட்டு இறந்தான். அவ்வாண்டு ஜூனில் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்குமான விதிகளை வெளியிட்டது. இந்தச் சட்டமும் விதிகளும் பிள்ளைகளின் இரத்தத்தின் மேல் எழுந்தவை. அவற்றைத் தளர்த்தச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை, விருப்பமும் இல்லை.

நான் கேட்பது, அந்த விதிகளையே முழுவதும் படியுங்கள் என்பதுதான். புகார் வந்தவுடன் நடக்கும் விசாரணை நேர்மையாகவும் ஒளிவுமறைவின்றியும் இயற்கை நீதிக் கோட்பாடுகளின்படியும் நடக்க வேண்டும் என்றும், குற்றம் சாட்டப்பட்ட மாணவருக்கும் சாட்சிகளுக்கும் தங்கள் உண்மைகளையும் ஆவணங்களையும் எடுத்துவைக்கப் போதிய வாய்ப்புத் தரவேண்டும் என்றும் 2009ஆம் ஆண்டு விதிகளிலேயே எழுதியிருக்கிறது. ஆவணம் என்றால் என்ன? வார்டுப் பதிவேடு ஆவணம் அல்லவா?

செய்தவர் யார் என்று கண்டறிய முடியாதபோது கூட்டாகத் தண்டிக்கலாம் என்றும் அவ்விதிகளில் ஓரிடம் உண்டு. அதைக் காட்டித்தான் நால்வரையும் ஒரே தராசில் போட்டார்கள். ‘கண்டறிய முடியாதபோது’ என்பதைக் கவனியுங்கள். இங்கே கண்டறிய முயலவே இல்லையே! அந்த முதலாண்டுக் குழந்தையைத் தனியே, அவள் தாயை அருகில் வைத்துக்கொண்டு, “அன்றிரவு அறையில் யார் யார் இருந்தார்கள்?” என்று அன்போடு ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். நால்வரையும் தனித்தனியே கேட்டிருந்தாலும் முடிந்திருக்கும். தீர விசாரியாமல் கோவலனைக் கொல்வித்த பாண்டியன் கதையை வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். பிள்ளைகள் ஐந்து மதிப்பெண்ணுக்கு அழகாகவே எழுதினார்கள். பெரியவர்களாகிய நாம் அதை மறந்துவிட்டோம் போலும்.

கல்லூரிகளின் கடமையையும் அதே விதிகள் சொல்கின்றன. முதலாண்டு மாணவியரைக் கூடியவரை தனிப் பகுதியில் தங்கவைக்க வேண்டும். மூத்தவர்கள் அங்கே போவதையும் வருவதையும் வார்டன் கண்காணிக்க வேண்டும். இந்த விடுதியிலோ இரண்டு வகுப்பினரும் ஒரே தாழ்வாரத்தில் எதிரெதிர் அறைகளில் இருந்தார்கள். நள்ளிரவு வரை ஒரு குழந்தை வேறோர் அறையில் நின்றிருக்கிறாள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நால்வரையும் ஒரேயடியாக வெளியேற்றியதில் இந்தக் கேள்வியும் சேர்ந்து வெளியேறிவிட்டது.

“இப்படியெல்லாம் துருவிக்கொண்டிருந்தால் பாதிக்கப்பட்டவள் பயந்து பின்வாங்கிவிடுவாள்” என்று ஓர் ஆசிரியத் தோழி என்னிடம் சொன்னார். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நாவரசு வழக்கையே பாருங்கள். 1998இல் கடலூர் நீதிமன்றம் சீனியர் மாணவர் ஒருவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை மீண்டும் உறுதி செய்தது. அவ்வளவு கொடிய வழக்கிலும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் இருந்தார். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். அதனால் தண்டனை தப்பிப்போய்விடவில்லை. தாமதம் கொடுமைதான், பதினைந்து ஆண்டுகள் எந்தத் தகப்பனுக்கும் மிக நீளம். ஆனால் ஒரு வார்டுப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கப் பதினைந்து நிமிடம் போதுமே.

இவள் என் மாணவி, நல்லவள், ஆகவே செய்திருக்க மாட்டாள் என்று நான் வாதாடவில்லை. நல்ல பிள்ளைகளும் கூட்டத்தோடு சேர்ந்து தவறு செய்வதை நாற்பதாண்டு ஆசிரியப் பணியில் கண்டிருக்கிறேன். நன்னடத்தைச் சான்றிதழ் வேறு, சாட்சியம் வேறு. அவளிடமும் நான் சில கேள்விகள் கேட்டேன். அதற்கு முன்பும் அறைத்தோழியர் ஜூனியர்களைக் கொண்டு படம் வரையவைத்தது உண்டாம். “வேண்டாமடி” என்று ஒருமுறை கண்டித்தாளாம், வார்டனிடம் சொல்லவில்லையாம். அது குறைதான். அதற்காக அவளைக் கேட்கட்டும், கண்டிக்கட்டும். அதற்குரிய தண்டனை தந்தாலும் ஏற்கிறேன் என்று அவளே சொல்கிறாள். ஆனால் உத்தரவில் இருப்பது வேறு. அந்த இரவில் அந்தக் குழந்தையை நிற்கவைத்து அழவைத்தாள் என்று எழுதியிருக்கிறார்கள். மற்ற மூவருக்காக நான் பேச வரவில்லை. அவர்கள் தாங்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உத்தரவு கையில் கிடைப்பதற்கு முன்பே அவள் புகைப்படம் வாட்ஸ்அப்பில் ஊர் முழுவதும் சுற்றிவிட்டது. அதை அனுப்பியவர்களில் நம் பழைய மாணவியர் சிலரும் உண்டு என்று கேள்விப்பட்டு மனம் நொந்தேன்.

கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளே, உங்களை யாராவது துன்புறுத்தினால் கட்டாயம் புகார் செய்யுங்கள். 1800-180-5522 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இரவு பகல் எந்நேரமும் உண்டு. புகார் எழுதும்போது நாள், நேரம், இடம், யார் செய்தார்கள், யார் பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் அடையாளம் எழுதுங்கள். “அந்த அறை அக்காமார்கள்” என்று எழுதாதீர்கள். உங்கள்மீது பொய்யாகப் புகார் வந்தாலோ, வாய்ப்பேச்சில் நிற்காமல் உங்கள் பதிலை அன்றே எழுத்தில் கொடுத்து, நகலில் ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். இந்தப் பெண் அதைச் செய்யவில்லை. அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கல்லூரியின் உத்தரவை எதிர்த்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தருக்கு மேல்முறையீடு செய்ய விதிகளில் இடம் இருக்கிறது. போன வாரம் அவள் தந்தையும் நானும் அமர்ந்து மனுவை எழுதினோம். பதிவேட்டின் நகலையும் வார்டுப் பொறுப்பாளரின் கடிதத்தையும் இணைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பியிருக்கிறோம். முதலாண்டு மாணவியின் தாயாருக்கும் செய்தி சொல்லி அனுப்பினோம். மகளிடம் கேட்டு, “இந்த அக்கா அன்றைக்கு இல்லை” என்று அவரும் இரண்டு வரி எழுதித் தந்திருக்கிறார். அடுத்த மாதம் இன்டர்னல் தேர்வு தொடங்குகிறது. அதற்குள் பதில் வரவேண்டும்.