பெக்டினேஸ் என்று மட்டும் எழுதினால் போதாது

பூஞ்சைகளின் பெக்டின் சிதைக்கும் நொதிகளைத் தூய்மையாக்கும் ஆய்வுகள் ஏறக்குறைய ஒரே தடத்தில் செல்கின்றன. கோதுமைத் தவிட்டிலோ ஆரஞ்சுத் தோலிலோ ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் வளர்க்கப்படுகிறது. அம்மோனியம் சல்பேட் படிவாக்கம், டயாலிசிஸ், அயனிப் பரிமாற்றம், ஜெல் வடிகட்டல் எல்லாம் முடிந்து, எஸ்டிஎஸ் ஜெல்லில் ஒற்றைப் பட்டை தெரிகிறது. பிரிக்கும் வேலையில் குறையில்லை. ஒவ்வொரு படியையும் அளக்கும் சோதனையில்தான் கோளாறு.

பெக்டினேஸ் என்பது ஒரு நொதிக் கூட்டம். மீத்தைல் எஸ்டரேஸ் பெக்டினின் மீத்தைல் தொகுதிகளைக் கழற்றி மெத்தனாலை வெளிவிடுகிறது. பாலிகாலக்டுரோனேஸ் நீராற்பகுப்பால் சங்கிலியை வெட்டுகிறது. லையேஸ்கள் நீரில்லாமலே வெட்டி, ஒரு முனையில் இரட்டைப் பிணைப்பை விட்டுச் செல்கின்றன. செயல்திறனை அளக்க வழக்கமாகப் பயன்படும் டிஎன்எஸ் முறை ஒடுக்கும் முனைகளை மட்டுமே கணக்கிடும். அவற்றை உண்டாக்கியது எந்த நொதி என்று சொல்லாது.

இதனால் தூய்மையாக்க அட்டவணையே பிழையாகிவிடக்கூடும். மீத்தைல் மிகுந்த சிட்ரஸ் பெக்டினைக் கொண்டு அளந்தால், கச்சாச் சாற்றில் எஸ்டரேஸ் மீத்தைலை நீக்கித் தர, பாலிகாலக்டுரோனேஸ் வெட்டும். அட்டவணையின் முதல் வரியில் பதிவாவது இரண்டின் கூட்டு வேலை. அயனிப் பரிமாற்றத்தில் இரண்டும் பிரிந்ததும் செயல்திறன் சரிகிறது. அதை நொதி இழப்பு என்று எழுதிவிடுகிறோம். நொதி சிதையாமல் இருந்திருக்கலாம், துணை நொதி மட்டும் விலகியிருக்கலாம். அப்போது மீட்பு விழுக்காடும் தூய்மை மடங்கும் பொருளற்றவை.

தீர்வுக்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. பாலிகாலக்டுரோனேஸை பாலிகாலக்டுரோனிக் அமிலத்தில் அளக்க வேண்டும். தர வளைகோட்டைக் குளுக்கோஸில் அல்லாமல் காலக்டுரோனிக் அமிலத்தில் வரைய வேண்டும். லையேஸ் இருந்தால் 235 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் ஏறும். கால்சியத்தை ஈடிடிஏ பிடித்துக்கொண்டதும் வேலை நின்றால் அது பெக்டேட் லையேஸ். மீத்தைல் மிகுந்த பெக்டினைக் கால்சியமின்றி வெட்டினால் பெக்டின் லையேஸ். சில பிணைப்புகள் அறுந்ததுமே பாகுத்தன்மை சடாரென விழுந்தால், நொதி சங்கிலியின் நடுவே வெட்டுகிறது என்று பொருள்.

ஒற்றைப் பட்டையையும் அப்படியே நம்ப முடியாது. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரில் நடுவே வெட்டும் பாலிகாலக்டுரோனேஸ்கள் மட்டுமே ஏழு அறியப்பட்டுள்ளன. எடையில் நெருங்கியவை ஒரே பட்டைக்குள் ஒளிந்துகொள்ளும். உகந்த வெப்பநிலையும் சோதனை நேரத்தைப் பொறுத்து மாறும். நேரத்தைக் குறிப்பிடாத எண்ணை இன்னொரு ஆய்வோடு ஒப்பிட வழியில்லை.

பழச்சாறு ஆலைக்கு இந்த வேறுபாடு நேரடியாக முக்கியம். பெக்டின் லையேஸ் மெத்தனாலை விடுவிக்காமல் வெட்டும். எஸ்டரேஸ் கலந்த கலவை விடுவிக்கும். வெறும் ‘பெக்டினேஸ்’ என்ற பெயர் ஆலைக்கு இதைச் சொல்லாது.

ஆகவே, இனி வரும் கட்டுரைகளில் வினைபடுபொருளின் மீத்தைல் அளவு, தர வளைகோடு, சோதனை நேரம், லையேஸ் மற்றும் எஸ்டரேஸ் சோதனைகளின் முடிவுகள் ஆகியவற்றைத் தவறாமல் தாருங்கள். மதிப்பீட்டாளர்களும் தூய்மை மடங்கைப் பார்க்கும் முன் இவற்றைக் கேளுங்கள்.