ஷேக்ஸ்பியருக்கு எதற்கு மூளைச் சான்றிதழ்?

'இலக்கியம் மூளைக்கு நல்லதுன்னு விஞ்ஞானமே நிரூபிச்சிருச்சு' என்று யாராவது பூரித்துச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இலக்கியம் என்ன வல்லாரைக் கீரையா?

இப்படிப் பேசுகிறவர்கள் தூக்கிக்கொண்டு வருவது 2008இல் பிலிப் டேவிஸ், கியோம் தியரி முதலியோர் பிரிட்டனில் வெளியிட்ட ஆய்வை. ஷேக்ஸ்பியர் பெயர்ச்சொல்லைச் சட்டென வினைச்சொல்லாக்கிவிடுவார். அந்த மாதிரி வாக்கியங்களை வாசிப்பவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். இலக்கணம் இடறும்போது வரும் பி600 அலை எழுந்தது. பொருள் இடறும்போது கூடும் என்400 கூடவில்லை. இலக்கணம் உதைத்தாலும் அர்த்தம் பிடிபட்டுவிடுகிறது என்று இதற்குப் பொருள். நல்ல ஆய்வு. அதோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் பள்ளிக்கூடப் பையனின் இலக்கணப் பிழைக்கும் இதே பி600 எழும்! நான் மென்பொருள் எழுதுகிறவன். எந்த வரியில் எவ்வளவு நேரம் செலவாகிறது என்று ப்ரொஃபைலர் காட்டும். அந்த நிரல் யாருக்காக, எதற்காக என்று அதனிடம் கேட்க முடியுமா?

'கிங் லியர்' நாடகத்தில் எட்கர், பிள்ளை, தகப்பன் என்னும் சொற்களையே வினையாக்குகிறான். மகள்கள் கைவிட்ட கிழவனை நினைத்து, அப்பனே வேட்டையாடும் மகன் பேசுகிற இடம் அது. அங்கே உறவு என்பதே ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் கொடுமையாகிவிட்டது. பிறகு அது எப்படிப் பெயர்ச்சொல்லாக நிற்கும்? மூன்று அங்கங்கள் கூடவே நடந்து வந்த வாசகனுக்குத்தான் இது உறைக்கும்.

மூளையை அறிய மூளை அறிவியலைப் படிப்போம். லியரைப் படிக்க லியரே போதும்.