உள்ளே இருக்கும் துரு

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியின் குறுக்கே ஒரு கல் பாலம் நிற்கிறது. மைசூர் திவான் பூர்ணையாவின் மேற்பார்வையில் 1804-ல் கட்டி முடிக்கப்பட்டு, கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் பெயர் சூட்டப்பட்டது. தூண் சாய்ந்தாலோ கல் பிளந்தாலோ கரையில் துணி துவைப்பவருக்கே தெரிந்துவிடும்.

கான்கிரீட் அப்படியல்ல. அதே கர்நாடகத்தின் கார்வாரில், கோவா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் இருந்த பழைய காளி ஆற்றுப் பாலம் 2024 ஆகஸ்ட் 7 நள்ளிரவுக்குப் பின் இடிந்து விழுந்தது. கூடவே விழுந்த லாரியின் டிரைவர் தமிழ்நாட்டுக்காரர்; உயிரோடு மீட்கப்பட்டார். பாலத்துக்கு வயது சுமார் 40. பக்கத்துக் கோவாவில் மாண்டவி பாலம் 1986-ல் விழுந்தபோது அதற்கு 20 வயதுகூட ஆகவில்லை. உள்ளே எஃகுக் கம்பிகள் துருப்பிடித்திருந்தன.

இத்தகைய நீண்ட பாலங்களின் உயிர், கான்கிரீட்டுக்குள் இழுத்துக் கட்டப்பட்ட கம்பிகளில் இருக்கிறது. உப்புக் காற்றும் ஈரமும் புகுந்தால் அவை ஒவ்வொன்றாக அறுபடும். வெளியே புது பெயின்ட் பளபளக்கும்.

கண்ணுக்குத் தெரியாததைக் கருவி ஓரளவு சொல்லும். ஒவ்வொரு பாலமும் தனக்கென்று ஒரு தாளத்தில் அதிர்கிறது. விறைப்பு குறைந்தால் தாளம் மெதுவாகும். சென்சார் அதைப் பதிவு செய்யும். சிக்கல் என்னவென்றால், மே மாத வெயிலிலும் தாளம் மாறும். எது வெயில், எது வியாதி என்று பிரித்தறிய குறைந்தது ஓராண்டுப் பதிவாவது கையில் வேண்டும். அதாவது, பாலம் ஆரோக்கியமாக இருக்கும்போதே கருவி பொருத்த வேண்டும். நம் அதிகாரிகளுக்கோ விரிசல் விழுந்த பிறகுதான் டெண்டர் ஞாபகம் வருகிறது.

கருவி மட்டும் போதாது. அது எச்சரித்தால் போக்குவரத்தை நிறுத்தும் துணிவுள்ளவர் வேண்டும். பாம்பன் பழைய ரயில் பாலம் இரும்பால் ஆனது என்றாலும் பாடம் ஒன்றுதான்: 2022 டிசம்பரில் சென்சார் அபாயம் காட்டியது, ரயில்கள் நிறுத்தப்பட்டன. ராமேஸ்வரம் பயணிகள் முணுமுணுத்தார்கள். யாரும் சாகவில்லை.

குஜராத்தில் 1985-ல் திறக்கப்பட்ட கம்பீரா பாலத்தில் அப்படி யாரும் வண்டிகளை நிறுத்தவில்லை. 2025 ஜூலை 9 காலையில் அதன் ஒரு பகுதி மஹி ஆற்றில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு நான்கு பொறியாளர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள்.