வினைத்திறன் மட்டும் போதுமா?

சிலிக்கன் சூரியக்கலத்தின் மேல் பெரோவ்ஸ்கைற் எனும் பொருளை மெல்லிய படையாகப் பூசி, இரட்டைக் கலம் ஆக்கும் முயற்சி உலகெங்கும் மும்முரமாக நடைபெறுகின்றது. இது எமக்கு எட்டாத விடயமென ஒதுக்கலாகாது. காணியை விட்டு வந்து சிறு கூரையின் கீழ் வாழ்வோருக்கே, சிறிய பரப்பில் கூடிய மின்சாரம் அதிகம் தேவை.

தென்னந்தோட்டத்தில் ஊடுபயிர் செய்தோருக்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும். ஓலை பிடித்தது போக எஞ்சிய வெயிலில் கீழே வாழை வளர்கின்றது. அவ்வாறே பெரோவ்ஸ்கைற் நீல, பச்சை ஒளியைப் பற்றிக்கொண்டு, சிவப்பையும் அகச்சிவப்பையும் சிலிக்கனுக்கு விடுகின்றது. சிலிக்கன் தனித்து நின்றால் நீல ஒளிச் சக்தியின் பெரும்பங்கு வெப்பமாக வீணாகும். சுமார் 29 சதவீதத்துக்கு மேல் அது செல்ல இயலாது. ஆனால் இரு படைகளும் தொடராக இணைந்தவை. வாய்க்காலின் ஒடுங்கிய இடமே நீரோட்டத்தைத் தீர்மானிப்பது போல, நலிந்த படையே முழுக் கலத்தின் மின்னோட்டத்தையும் தீர்மானிக்கும். ஆகவே ஒளியைச் சரியாகப் பங்கிடுவதிலேயே வெற்றி தங்கியுள்ளது.

2009 இல் யப்பானில் 3.8 சதவீதத்துடன் தொடங்கியது பெரோவ்ஸ்கைற் கலம். இரட்டைக் கலமோ 2022 இல் பெர்லினில் 32.5 சதவீதத்தையும், 2025 இல் சீனாவின் லோங்கி நிறுவனத்தில் 34.85 சதவீதத்தையும் எட்டியது. பாராட்டுக்குரிய முன்னேற்றமே. எனினும் இவை விரல் நகமளவான கலங்களில் பெற்ற பெறுபேறுகள். 2024 இல் ஒக்ஸ்போர்ட் பீவி நிறுவனம் முதன்முதல் விற்பனைக்கு அனுப்பிய முழுத் தகடுகளின் வினைத்திறன் 24.5 சதவீதம்.

எமது கவலை வேறு. பெரோவ்ஸ்கைற் ஈரலிப்பாலும் வெப்பத்தாலும் சிதைவது. பெரும்பாலும் ஈயமும் கலந்தது. உடைந்த தகடு கிணற்றடியில் கிடப்பது நன்றன்று. மேலும், 34 சதவீதத் தகடு ஐந்து ஆண்டில் பழுதாகி, 22 சதவீதத் தகடு இருபது ஆண்டு உழைத்தால், பின்னதே இரண்டரை மடங்கு மின்சாரம் தரும். செல்வந்தர் புதியது வாங்குவர். கடன்பட்டு வாங்கியவர் என் செய்வார்?

ஆகவே ஆய்வாளர்கள் சதவீதத்தோடு ஆயுளையும் சாதனையாக எண்ண வேண்டும். நாமும் தகடு வாங்கும்போது, "எத்தனை சதவீதம்?" என்பதற்கு முன், "எத்தனை ஆண்டு உத்தரவாதம்? பழுதானால் திருப்பி எடுப்பது யார்?" என்று கேட்டு, விடையை எழுத்தில் பெறுவோம்.